சுண்ணக்கல் நிலத்திற் பயிரின் பசி

வேலணையிலோ புங்குடுதீவிலோ தோட்டஞ் செய்யும் உழவர் ஒருவர் விடியற் பொழுதிற் கிணற்றடிக்குச் செல்கின்றார். யாழ்ப்பாணத்தார் கச்சான் என வழங்கும் நிலக்கடலைப் பாத்தியின் ஒரு மூலையிற் செடிகள் வெளிறி நிற்கின்றன. அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் பச்சையாகவே உள்ளன. நுனியிலுள்ள இளந்தளிர்களே மஞ்சளித்துள்ளன. அத்தளிர்களிலும் நரம்புகள் பசுமை மாறாதிருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் நிறமிழந்து காணப்படுகின்றது. பசளை போதாது என்று கருதி அவர் யூரியாவைத் தூவி நீர் இறைக்கின்றார். ஒரு கிழமை கழிகின்றது. மஞ்சள் நீங்கவில்லை. அயலார் ஒருவர் கிணற்று நீரிற் குறை என்கின்றார்; மற்றொருவர் நோய் என்கின்றார்; நாவூறு என்பாரும் இல்லாமற் போகார்.

உண்மையில் அச்செடி பசித்திருக்கின்றது. ஆயினும் அதன் பசி யூரியாவினால் தீரும் பசியன்று. அது வேண்டுவது இரும்பு. நிலத்தில் இரும்பு இல்லையா எனின், உண்டு. பூமியின் மேலோட்டின் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கு இரும்பே. உலர்ந்த செடியின் ஒரு கிலோகிராமிற்கோ நூறு மில்லிகிராம் அளவு இரும்பு இருந்தாற் போதும். வேண்டிய அளவினும் ஆயிரமடங்கு மிகுதியாகக் காலடியிற் கிடக்கும் ஒரு பொருளுக்காகப் பயிர் ஏங்கி நிற்கின்றது. இந்தப் புதிரை விடுவிக்க வேண்டுமாயின், முதலில் அந்நிலம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து மேற்கே செல்வோர் வேலணை, ஊர்காவற்றுறை ஆகிய ஊர்களைக் கொண்ட தீவை அடைவர். அங்கிருந்து கடலூடு அமைந்த வீதி புங்குடுதீவிற்குச் செல்லும். அதன் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையிற் படகேறினால் நயினாதீவு அண்மையில், நெடுந்தீவு சேய்மையில். இத்தீவுகள் யாவற்றிற்கும் அடித்தளம் ஒன்றே. மயோசின் காலம் எனப்படும் தொல்காலத்தில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமற்ற கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லே அது. சுன்னாகம், கோப்பாய்ப் பகுதிகளில் அக்கல்லின்மேல் ஆழ்ந்த செம்பாட்டு மண் படிந்துள்ளது. தீவுகளுக்கு அந்தப் பேறு பெரும்பாலும் வாய்க்கவில்லை. மேல்மண் மெல்லியது, பல இடங்களில் மண்வெட்டி இரண்டாம் முறை இறங்குமுன்னரே கல்லில் மோதும். நெடுந்தீவின் காணி எல்லைகளில் வேலிக்குப் பதிலாக முருகைக்கற் சுவர்கள் நிற்பதை அங்குச் சென்றவர் யாவரும் கண்டிருப்பர். நிலத்திற் கிடந்த கல்லைப் பொறுக்கி ஒதுக்கினாலன்றி அங்கே பயிரிட இடமில்லை. ஒதுக்கிய கல்லே எல்லையாயிற்று.

இனி அம்மண்ணின் தன்மை. அமிலத்தையும் காரத்தையும் அளப்பதற்கு அறிஞர் பீ.எச். என்னும் அளவுகோலைக் கொண்டுள்ளனர். 7 என்பது நடுநிலை. அதன்மேற் சென்றாற் காரம். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் இவ்வெண் பெரும்பாலும் 7.5இற்கும் 8.5இற்கும் இடையில் நிற்கும். நடுநிலையிலிருந்து ஓர் அலகுதானே ஏறியுள்ளது என்று எண்ணிவிடலாகாது. பீ.எச். ஓர் அலகு உயருந்தோறும், மண்ணீரிற் கரைந்திருக்கும் இரும்பயன் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வேரினாற் கல்லை உண்ண முடியாது. நீரிற் கரைந்ததையே அது உறிஞ்சும். ஆகவே, துருவாக உறைந்த இரும்பு பூட்டிய களஞ்சியத்திலுள்ள நெல்லைப் போன்றது. நாகத்திற்கும் இதே கதி. பொசுபரசு வேறு வகையாற் சிறைப்படுகின்றது. உழவர் விலை கொடுத்து வாங்கி இடும் பொசுபேற்றுப் பசளையைச் சுண்ணாம்பிலுள்ள கல்சியம் பற்றிக்கொண்டு, நாள் செல்லச் செல்லக் கரையாத பொருளாக மாற்றிவிடுகின்றது.

ஒரு பயிரின் வளர்ச்சியை வரையறுப்பது, அதற்குக் கிடைக்கும் ஊட்டங்களுள் எது மிகக் குறைவோ அதுவே என்பதை 19ஆம் நூற்றாண்டில் செருமன் நாட்டு அறிஞர் கார்ல் சுப்பிரெங்கல் எடுத்துரைத்தார். யுசுத்துசு லீபிக் அதனை உலகறியச் செய்தார். பெயர் லீபிக்கிற்கே நிலைத்தது. அறிவியல் உலகிலும் பறையடித்தவருக்கே புகழ் சேர்கின்றது போலும். உயரம் குன்றிய ஒரு பலகையையுடைய மிடாவில் அப்பலகையின் மட்டத்திற்குமேல் நீர் நில்லாது என்பது இக்கொள்கையை விளக்க வழங்கும் உவமை. வேலணை உழவரின் கச்சான் பாத்தியிற் குட்டைப் பலகை இரும்பு. நைதரசன் என்னும் பலகையை அவர் எத்துணை உயர்த்தினும் மிடா நிறையாது. நைதரசன் குறைந்த செடியில் முதலில் மஞ்சளாவன அடியிலுள்ள முதிர்ந்த இலைகள்; ஏனெனில் செடி அவற்றிலிருந்து நைதரசனை எடுத்துத் தளிருக்கு அனுப்பும். இரும்பு அவ்வாறு இடம்பெயராது. எனவே அதன் குறை தளிரிலேயே முதலில் வெளிப்படும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் ஒரு மூடை யூரியாவின் விலை மிச்சமாகியிருக்கும்.

பயிர்களும் இந்நிலைக்குக் கைகட்டி நிற்பனவல்ல. கடலை, மிளகாய், புகையிலை போன்றவற்றின் வேர்கள் இரும்புப் பசி கண்டவிடத்து அமிலத்தைக் கசியவிட்டுத் தம்மைச் சூழ்ந்த மண்ணைக் கரைக்க முயல்கின்றன. ஆனால் சுண்ணக்கற் கிணற்று நீரில் இருகாபனேற்று மிகுதி. அது அவ்வமிலத்தை அவ்வப்போது நடுநிலையாக்கிவிடுவதால், வேரின் முயற்சி விழலுக்கு இறைத்த நீராகின்றது. புல்லினத்தின் வழி வேறு. அவை இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைச் சுரந்து வெளியே அனுப்பி, இரும்போடு சேர்த்து அதனை மீள உறிஞ்சிக்கொள்கின்றன. யப்பானிய அறிஞர் தகாகி 1976இல் இதனை வெளியிட்டார். சுண்ணாம்பு இம்முறையை அத்துணை தடுப்பதில்லை. புல்லினப் பயிர்கள் யாவும் ஒரே அளவிற் சுரப்பனவுமல்ல. பார்லி மிகுதியாகச் சுரக்கும், நெல் மிகக் குறைவாகவே சுரக்கும். தீவுகளின் முன்னோர் மானாவாரி நிலத்தில் வரகையும் சாமையையும் குரக்கனையும் விதைத்தமைக்கு மழைக்குறைவே முதற் காரணம். எனினும் அவை மூன்றும் புல்லினத்தைச் சேர்ந்தவை என்பதும் கருதத்தக்கது.

தோட்டப் பயிருக்கு முன்னோர் கண்ட வழி குழை தாழ்த்தல். பூவரசு, வேம்பு, காவிளாய் முதலியவற்றின் குழையை வெட்டி, மண்ணைக் கிண்டி அதனுட் புதைப்பர். பின்னர் வந்த கிளிசரியாவும் வேலியோரங்களில் இப்பணிக்கென்றே நடப்பட்டது. வேலியடைத்தும் கூரை வேய்ந்தும் ஆண்டு கழிந்த பனையோலைகளும் ஈற்றிற் தோட்டத்தையே சென்றடைந்தன. அறுவடை முடிந்த நிலத்தில் ஆடுமாடுகளைப் பட்டியடைத்து எருச் சேர்ப்பதும் வழக்கம். இவற்றை வெறும் நைதரசன் கணக்கில் மட்டும் பார்த்தவர்கள், ஒரு வண்டிக் குழையில் உள்ளது ஒரு சிறு பை யூரியாவில் உண்டே என்று எள்ளியதுண்டு. கணக்குப் பிழையன்று, கணக்கிற் சேர்க்காதது பிழை. குழையும் எருவும் உக்கும்போது தோன்றும் சேதனப் பொருள்கள் இரும்பையும் நாகத்தையும் தம்முட் பிணைத்து, சுண்ணாம்பின் பிடியிற் சிக்காமல் வேர்வரை கொண்டு சேர்க்கின்றன. பொசுபரசு இறுகுவதையும் ஓரளவு தடுக்கின்றன. நெடுநாள் உக்காது கிடக்கும் பனையோலையோ மணல்நிலத்தில் நீரைத் தாங்கி நிற்கின்றது. பிற்காலத்து இரசாயனர் இரும்பைப் பிணைத்து வைக்கும் செயற்கைப் பொருள்களை ஆக்கி, 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாத் தோடை மரங்களுக்கு இட்டு வெற்றி கண்டனர். பூவரசங் குழை அதே தொழிலைக் குறைந்த வேகத்தில், காசில்லாமற் செய்துவந்தது.

குழையே போதும், வேறொன்றும் வேண்டா என்று இதனாற் கொள்ளலாகாது. 2021ஆம் ஆண்டில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. விளைவு வீழ்ச்சியுற, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை நீக்க நேர்ந்தது. மூடையை ஒரே நாளில் நிறுத்திவிடலாம். குழையை ஒரே நாளில் வளர்த்துவிட முடியாது. அதிலும் 1990களின் தொடக்கத்திற் போரினால் தீவுமக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். உழுவாரற்ற நிலத்தில் எருவிடுவாரும் இல்லை, வேலிப் பூவரசை வெட்டித் தழைக்கச் செய்வாரும் இல்லை. மீண்டு வந்தோர் மண்ணையும் வேலியையும் கிணற்றையும் ஒருங்கே சீர்செய்ய வேண்டியவராயினர்.

கிணறு என்றவிடத்து இப்பொருளின் மிக நுண்ணிய பகுதி வருகின்றது. இத்தீவுகளில் ஆறில்லை. அக்டோபர் முதல் திசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே ஆண்டு முழுமைக்கும் ஆதாரம். மழைநீர் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல் மிதக்கின்றது. உவர்நீரிலும் நன்னீர் சற்றே இலேசானது என்பதே அதனைத் தாங்குகின்றது. ஒல்லாந்தரான பேடன் கைபென் 1889இலும், செருமானியரான எர்சுபேர்க் 1901இலும் இதற்கு ஒரு கணக்குக் கண்டனர். கடல்மட்டத்திற்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும். மறுதலையாகக் கூறின், மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து நிலைக்குமாயின், உவர்நீர் கீழிருந்து 40 அடி ஏறிவர இடமுண்டு. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. உவர் ஏறிய நீரிலுள்ள குளோரைட்டு புகையிலையிற் சேர்ந்தால், அவ்விலையாற் சுற்றிய சுருட்டு சீராக எரியாது. புகையிலையால் வாழ்ந்த ஊர்களுக்கு இது சிறு இழப்பன்று. சோடியம் சேர்ந்த மண் மழையிற் குழைந்து வெயிலில் இறுகும். அதில் வேர் மூச்சுவிடவும் இடமிராது.

அதே நீரையே மக்களும் பருகுகின்றனர். நைதரசன் பசளை மண்ணில் நைத்திரேற்றாக மாறும். மண் துணிக்கைகள் நைத்திரேற்றைப் பற்றி வைப்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது மழையோடும் பாய்ச்சிய நீரோடும் கல்வெடிப்பு வழியே கிணற்றை அடையும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சிய நீரிற் பால் கரைத்தூட்டப்படும் கைக்குழந்தைகளின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் கொம்லி 1945இல் எடுத்துக்காட்டினார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வெங்காயமும் மிளகாயும் செறிவாகப் பயிராகும் செம்பாட்டுப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை 1980கள் முதலான ஆய்வுகள் கண்டுள்ளன. தீவுகளில் முதலிடம் பெறும் இடர் உவரே. எனினும் மண்படை மெலிந்த இடத்தில் நைத்திரேற்றுக்கு வழி இன்னும் குறுகியது. ஆகவே, மஞ்சளித்த கச்சானைக் கண்டு அவ்வுழவர் தூவிய யூரியா செடிக்குப் பயன்படவில்லை என்பதோடு காரியம் முடிந்துவிடவில்லை. அது எங்கே சென்றது என்ற கேள்வி அவர் வீட்டுக் குடத்தை நோக்கி நிற்கின்றது. பசளையைச் சிறுசிறு பகுதியாகப் பிரித்து, பெருமழைக்கு முன் இடாது, குழையோடும் எருவோடும் சேர்த்து வேரருகில் இடுவதே அங்குத் தக்கது.

மஞ்சளித்த தளிர்க்கு இரும்பா வேறொன்றா குறை என்பதை அறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பிரான்சு நாட்டில் ஓசெபு கிரி என்பவர் 1843 அளவிலேயே இரும்பு உப்பின் கரைசலை வெளிறிய இலைகளுக்கு இட்டு, அவை பசுமை பெறுவதைக் காட்டினார். அவ்வுப்பு நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்ற பெயரில் வழங்கும் பொருளே. ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் கரைத்து, சிறிது தேசிப்புளியும் சேர்த்து, மாலை வேளையில் ஒரு தளிரிலையின் ஒரு பாதியில் மட்டும் பூசவேண்டும். மண்ணில் இட்டாற் சுண்ணாம்பு அதனை விரைவிலே துருவாக்கிவிடும். இலையிற் பூசியதைச் சுண்ணாம்பு தொடுவதில்லை. ஏழெட்டு நாளிற் பூசிய பாதி பச்சையாகவும் பூசாத பாதி மஞ்சளாகவும் இருக்குமாயின், குறை இரும்பே; பாத்தி முழுவதற்கும் அதே கரைசலைத் தெளிக்கலாம், அடுத்த போகத்திற்கு முன் குழை தாழ்க்கலாம். இரு பாதியும் மஞ்சளாகவே நின்றால், நாகத்தையோ கிணற்று நீரின் உவரையோ நோக்கித் தேடலைத் திருப்பவேண்டும். எவ்வாறாயினும் அந்த எட்டு நாளும் யூரியா மூடை கட்டியபடியே கிடக்கட்டும்.