ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீங்க?

இந்த எபிசோடில் ஒரு மோட்டார்ஹோமை எடுத்துக்கிட்டு டென்மார்க், ஸ்வீடன், நார்வே கடற்கரையோரமா வடக்கே போகப் போறோம். இந்த மாதிரிப் பயண வீடியோக்களை நீங்க நிறையப் பார்த்திருப்பீங்க. பின்னாடி மலை, முன்னாடி கடல், நடுவுல ஒரு வெள்ளை வண்டி, கையில காபி. அந்த வீடியோக்கள்ல வராத ஒரு கேள்வி இருக்கு. அந்த வண்டி ராத்திரி அங்கே நிக்கலாமா? நின்னா, அதோட கழிவெல்லாம் எங்கே போகுது?

முதல்ல வழியைப் பார்த்துடுவோம். கோபன்ஹேகன்ல கிளம்பினா, கடலுக்கு அடியில சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கம். அதுல இருந்து வெளியே வர்ற இடம் ஒரு செயற்கைத் தீவு. அங்கிருந்து கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் பாலம். இறங்கினா ஸ்வீடனின் மால்மோ. 2000-ல் திறந்த இந்த ஓரெசுண்ட் இணைப்புதான் இந்தப் பயணத்தின் வாசல்.

கோத்தன்பர்க் தாண்டி வடக்கே போனா பூஹுஸ்லேன் கடற்கரை. இளஞ்சிவப்புப் பாறைகள், அதுமேல மரவீடுகள். ஸ்மோகன் ஊர்ல நீளமான மரப் படகுத்துறை, அங்கே இறால் ரொம்பப் பிரபலம். பக்கத்துல ஃபியெல்பாக்கா. நடிகை இங்க்ரிட் பெர்க்மன் கோடைக்காலத்தைக் கழித்த தீவு இந்த ஊருக்கு எதிர்லதான் இருக்கு. ஊர்ச் சதுக்கத்துக்கே அவங்க பேரை வச்சிருக்காங்க.

நார்வேக்குள்ள போனா பெர்கன். அங்கே துறைமுகத்தை ஒட்டின பழைய வணிகர் வீடுகளான பிரிக்கன், 1979-லிருந்து யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கு. அடுத்து ஓலெசுண்ட். 1904 ஜனவரியில ஒரே ராத்திரியில எரிஞ்சுபோன ஊர் அது. திரும்பக் கட்டினப்போ அந்தக் காலத்துப் புது பாணியான ஆர்ட் நூவோவில் கட்டினாங்க. அதுக்கும் மேலே, தீவு தீவாத் தாவிப் போற அட்லான்டிக் சாலை. சுமார் 8 கிலோமீட்டருக்குள்ள எட்டுப் பாலம்! நடுநடுவே ரோடு கடல்ல போய் முடியும், அங்கே ஃபெர்ரி நிக்கும். கட்டணம் வண்டியோட நீளத்தைப் பொறுத்தது. பேட்டரியில ஓடுற உலகின் முதல் கார் ஃபெர்ரியும் இந்தக் கரையில, லாவிக் - ஒப்பெடால் இடையில, 2015-ல் ஓட ஆரம்பிச்சதுதான்.

கடைசியா, பூடோவிலிருந்து கப்பல் ஏறி லோஃபோட்டன் தீவுகள். அங்கே ரோடு முடியுற ஊரோட பேர் ஒரே எழுத்து: ‘ஓ’.

இப்ப கேள்விக்கு வருவோம். நார்டிக் நாடுகள்னாலே ‘எல்லோருக்குமான உரிமை’ன்னு ஒண்ணைப் பத்திச் சொல்வாங்க. அடுத்தவர் நிலமா இருந்தாலும் காட்டுல, கரையில நடக்கலாம், பெர்ரி பறிக்கலாம், கூடாரம் போடலாம். நார்வே இதை 1957-ல் சட்டமாகவே எழுதிடுச்சு. பக்கத்து வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடணும். ஒரே இடத்துல இரண்டு நாளுக்கு மேல இருக்கணும்னா பொதுவா நில உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்கணும். ஸ்வீடனில் இந்த உரிமை அரசியல் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கு.

இதைக் கேட்டதும், “அப்ப நம்ம வண்டியையும் எங்கே வேணும்னாலும் நிறுத்தலாம்”னு பலரும் நினைச்சுக்கறாங்க. இல்லை. இந்த உரிமை நடந்து போறவங்களுக்கானது, எஞ்சினுக்கானது இல்லை. ரோட்டை விட்டு இறங்கி நிலத்துல வண்டி ஓட்டறதுக்கு ஸ்வீடனிலும் நார்வேயிலும் பொதுவாத் தடை இருக்கு. டென்மார்க்கில் இவ்வளவு பரந்த உரிமையே கிடையாது. வண்டிக்குப் பொருந்துறது பார்க்கிங் விதிகளும், அங்கே இருக்கிற பலகையும்தான்.

இந்த வித்தியாசத்துல ஒரு நியாயம் இருக்குன்னு எனக்குத் தோணுது. ஒரு ஆள் புல்லுல படுத்து எழுந்தா, ரெண்டு நாள்ல அந்தப் புல்லு நிமிர்ந்துடும். மூணு டன் வண்டி நின்னா அப்படி நிமிராது. அதோட, மோட்டார்ஹோமுக்கு ஒரு வயிறும் உண்டு. குடிக்கிற தண்ணிக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவின தண்ணிக்கு ஒரு தொட்டி, டாய்லெட்டுக்கு ஒரு கேசட். அந்தக் கேசட் சில நாள்லயே நிறைஞ்சிடும். அதைக் காலி பண்றதுக்குன்னே தனி நிலையங்கள் இருக்கு. அதுல ஊத்தற ரசாயனங்கள் சில, செப்டிக் டேங்கில் வேலை செய்யற பாக்டீரியாவையே கொன்னுடும். அதனால கண்ணுல பட்ட கழிவறையிலெல்லாம் கொட்டக் கூடாது.

நார்வே கழிவறையை எவ்வளவு மதிக்குதுன்னு பார்க்கணும்னா ஹெல்கலாண்ட் கடற்கரைச் சாலைக்குப் போங்க. உரெட்பிளாசன்னு ஒரு இடம், 2018-ல் புதுப்பிச்சது. அலை மாதிரி வளைஞ்ச கான்கிரீட், ராத்திரியில உள்ளேயிருந்து ஒளிர்ற கண்ணாடி. அது ஒரு பொதுக் கழிவறை! அவ்வளவு அழகா ஒரு ஊர் கட்டி வச்சா, வர்றவங்ககிட்டயும் கொஞ்சம் எதிர்பார்க்கும் இல்லையா?

லோஃபோட்டனில் இந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடுதல். அங்கே வாழறவங்க சுமார் 25,000 பேர்தான். குறுகலான ரோடு. குளிர்காலத்துல காட் மீனைப் பிடிச்சு, மரச்சட்டங்கள்ல தொங்கவிட்டு, வெறும் காத்துலயே காயவைப்பாங்க. உப்பே போடாத கருவாடுன்னு வச்சுக்கோங்க. நூற்றாண்டுகளா அந்த ஊர்களோட பிழைப்பு அதுதான். கோடையில ஒரு மோட்டார்ஹோம் போய் அந்தச் சட்டங்கள் பக்கத்துல நின்னா, நமக்கு அது வியூ. அவங்களுக்கு அது வேலை செய்யற இடம்.

பணக்கணக்கும் இருக்கு. ஹோட்டல்ல தங்குறவர் ஊருக்கு ஏதாவது கொடுத்துட்டுத்தான் போவார். மோட்டார்ஹோம்காரர் படுக்கை, அடுப்பு, டென்மார்க்கில் வாங்கின அரிசி எல்லாத்தையும் கூடவே கொண்டு வர்றார். எதுவும் வாங்காம, இலவசமா நின்னுட்டுப் போனா ஊருக்கு மிஞ்சுறது நெரிசலும் குப்பையும்தான். முதல்ல ஒரு வண்டி, அப்புறம் பத்து வண்டி, அதுக்கப்புறம் ஒரு தடைப் பலகை. அந்தப் பலகையை நட வச்சது ஊர்க்காரங்க கோபம் மட்டும் இல்லை, நம்ம கூட்டமும்தான்.

அதனால போக நினைக்கிறவங்களுக்கு மூணு விஷயம் சொல்றேன். ஒண்ணு, ஸ்வீடனில் ‘ஸ்டெல்பிளாட்ஸ்’னு மோட்டார்ஹோம்களுக்கான இடங்கள் இருக்கு, பல இடங்கள்ல படகுத்துறையிலேயே. கட்டணம் கட்டி நில்லுங்க. அந்தப் பணம் அந்த இடத்துக்கே போகும், காலையில ஜன்னலைத் திறந்தா கடலும் தெரியும். இரண்டு, கழிவு நிலையம் எங்கே இருக்குன்னு மேப்ல பார்த்துட்டு அப்புறம் அன்னைக்குப் போற தூரத்தை முடிவு பண்ணுங்க. மூணு, ஸ்மோகன் இறாலோ லோஃபோட்டன் கருவாடோ, ஒவ்வொரு ஊர்லயும் ஏதாவது ஒண்ணு வாங்குங்க.

வீட்டைக் கூடவே கொண்டு போனாலும், அந்த ஊர்ல நாம விருந்தாளிதான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.