வெயிலும் கிருமியும் தண்ணீரைக் கழுவுகிற விதம்

(தோட்டத்திலிருந்து சாவகச்சேரிக்கு வந்திருந்த குடும்பங்களிடையே நாங்கள் ஆற்றிய உரை)



மலைநாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். வந்ததும் வராததுமாக ஒரு அம்மா கேட்டார், "இங்க ஆறே இல்லியா? தண்ணிக்கு என்னா பண்றீங்க?" என்று. நல்ல கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. எங்கள் மாமரமும் பலாவும் தென்னையும், நாங்களும், கிணற்றை நம்பித்தான் இருக்கிறோம். நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளுக்குள் மழைத்தண்ணீர் இறங்கித் தங்குகிறது. மேலே எதை ஊற்றினாலும் அதுவும் அதே வழியாகத்தான் இறங்கும். மேல்மலையில் அடித்த மருந்து மழையோடு கானில் ஓடி உங்கள் ஆற்றுக்கு வருகிற மாதிரி.

இங்கிருந்து வடமேற்கே வலிகாமத்தில் சுன்னாகம் இருக்கிறது. அங்கே ஒரு மின்நிலையம். அதன் எண்ணெய்க் கழிவு நிலத்தில் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளைக் கெடுத்தது. 2015இல் சனங்கள் வாளியோடு பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள். அந்த ஆண்டே உயர் நீதிமன்றத்தில் வழக்கு. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது: நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று. சரி, காசைக் கட்டலாம். கிணற்றை எப்படிக் கழுவுவது?

அதற்கு இயற்கையிடம் இரண்டு வேலையாட்கள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியாத கிருமி. கிருமி என்றவுடன் பயப்பட வேண்டாம், எல்லாக் கிருமியும் நோய் தருவதில்லை. கவ்வாத்து வெட்டிப் போட்ட இலை செடியடியிலேயே மக்கிப் போகிறதே, அது யார் வேலை? அந்த வகைப் பக்டீரியாக்களில் எண்ணெயைத் தின்பவையும் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும், உரம்போலக் கொஞ்சம் நைதரசனும் பொசுபரசும் வேண்டும். அதோடு சில நஞ்சுகள் எலும்பு மாதிரி. பல் இறங்காது, கடிக்கப் போன கிருமியே செத்துப்போகும்.

அங்கேதான் இரண்டாவது ஆள், வெளிச்சம். வீட்டுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற் இருக்கிறதல்லவா, அதற்கு வெள்ளை நிறம் கொடுப்பது டைட்டேனியம் டையொக்சைட் என்ற தூள். நம் நாட்டுப் புல்மோட்டைக் கருமணலில் உள்ள இல்மனைற்றிலிருந்து எடுக்கக்கூடிய பொருள்தான். 1972இல் ஜப்பானியர்களான புஜிஷிமாவும் ஹொண்டாவும் ஒன்றை வெளியிட்டார்கள்: தண்ணீருக்குள் இந்தப் பொருளின் மேல் வெளிச்சம் பட்டால் தண்ணீரே பிரிகிறது. அதைத் தொடர்ந்து வந்தவர்கள், அப்போது உண்டாகும் கூர்மையான துணிக்கைகள் பக்கத்திலுள்ள நஞ்சை வெட்டிப் போடும் என்று கண்டார்கள். ஆனால் அந்தத் துணிக்கை ஆள் பார்ப்பதில்லை. நஞ்சையும் வெட்டும், நல்ல கிருமியையும் வெட்டும்.

அப்படியானால் இரண்டு பேரையும் ஒரே பாத்திரத்தில் எப்படி வேலைக்கு விடுவது? இதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் புரூஸ் ரிட்மனும் கூட இருந்தவர்களும் 2008இல் வெளியிட்ட வழி எங்களுக்கு மிகவும் பிடித்தது. துவாரமுள்ள சின்னச் சின்னத் துண்டுகள். அவற்றின் வெளிப்பக்கத்தில் தூள், உள்ளே கிருமி. வெளியே வெளிச்சம் பட்டு நஞ்சு வெட்டுப்படும். வெட்டுகிற துணிக்கைக்கு ஆயுள் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை, உள்ளே போகுமுன் முடிந்துவிடும். வெட்டுப்பட்ட துண்டுகளை உள்ளே இருக்கிற கிருமி தின்னும். இறைச்சிக் கடையில் ஒருவர் எலும்பை வெட்ட, மற்றவர் கறி சமைக்கிற மாதிரி. தனியாக விட்டால் கிருமிக்குக் கடினமான குளோரீன் சேர்ந்த பீனோலில்தான் பரிசோதித்துப் பார்த்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, அப்போ சுன்னாகத்துக் கிணற்றில் நாலு துண்டைப் போட்டால் சரிதானே என்று நினைக்க வேண்டாம். கிணற்றுக்குள்ளே இருட்டு. கல் வெடிப்புக்குள்ளே அதைவிட இருட்டு. தண்ணீரை மேலே இறைத்து, ஆழமில்லாத தொட்டியில் விட்டு வெயில் காட்டினால்தான் வேலை நடக்கும். அந்தத் தூளுக்கு வேண்டிய ஊதாக்கடந்த ஒளியோ வெயிலில் 100க்கு 5 பங்கு அளவுதான். நிலத்தடி முழுவதையும் இப்படிக் கழுவ முடியாது.

உங்கள் தோட்டத்துக் கதையையும் சொல்ல வேண்டும். புல்லுக்கு அடித்த பரக்குவாட்டை இந்த நாடு 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தியது. அது களிமண்ணைப் பிடித்துக்கொண்டால் வெளிச்சத்துக்கும் எட்டாது, கிருமிக்கும் எட்டாது, வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். கிளைபோசேற் வேறு மாதிரி, அதை மண்ணிலுள்ள கிருமி மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஆனால் மருந்து டாங்கியைப் பீலியடியில் கழுவினால் அது மண்ணில் நிற்காமல் நேரே கீழ் லயத்துக் குடத்துக்குப் போகிறது. டாங்கியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் மருந்தடித்த மலையிலேயே அடித்துவிடுங்கோ. வெறும் போத்தலையும் மூன்று தடவை அலசி டாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கோ. கங்காணி நேரமாச்சு என்று சத்தம் போடுவார், தெரியும். ஐந்து நிமிட வேலைதான்.

காலையில் பிள்ளைகள் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்த பிளாஸ்ரிக் போத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெளிந்த தண்ணீரை நிறமில்லாத போத்தலில் 6 மணித்தியாலம் நல்ல வெயிலில் வைத்தால் வயிற்றோட்டக் கிருமிகள் சாகும். மப்பு நாளென்றால் 2 நாள் வேண்டும், மழை விடாது பெய்கிற உங்கள் மலையில் கொதிக்க வைப்பதுதான் நம்பிக்கை. ஆனால் எண்ணெயும் மருந்தும் இந்த இரண்டுக்கும் அடங்காது. தண்ணீரில் எண்ணெய் மினுங்கினாலோ மருந்து மணத்தாலோ காய்ச்சியும் குடிக்க வேண்டாம், பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம். தோட்ட வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அன்றைக்கே சொல்லுங்கோ.

போத்தலை எட்டு மணிக்கு வைத்தது. இப்போது பன்னிரண்டரை. இன்னும் ஒன்றரை மணித்தியாலம் கிடக்கட்டும், அதற்குள் நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருவோம்.