சம்பள நாளும் வீட்டு வாடகையும்



கித்தாத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு வாடகை என்ற சொல்லே அதிகம் பழக்கமில்லை. வீடு வேலையோடு வந்தது. அரிசி பருப்பைக் கடையில் பற்று எழுதி வாங்கினோம். சம்பள நாளில் கடைக்காரருக்குக் கொடுத்தது போக மிஞ்சியது பல வீடுகளில் கள்ளுக்கடையோடு போயிற்று. கை காலியானாலும் தலைக்கு மேல் கூரை இருந்தது. தோட்டங்கள் கைமாறி, அந்தக் குடும்பங்கள் ஈப்போ, புந்தோங், சுங்கை சிப்புட் பக்கம் வாடகை வீடுகளுக்கு வந்தன. கூரை போய்விட்டது, பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதி, சொக்சோ பிடித்தம் போகக் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. வாடகை 500 என்றால், மூன்று மாதப் பாக்கி ஒரு முழுச் சம்பளம்! அதை ஒரே மாதத்தில் எப்படிக் கட்டுவது? கட்ட முடியாது என்று தெரிந்ததும்தான் வீட்டுக்காரர் வரும்போது கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

அது தவறு. வீட்டுக்காரர் தாமாகவே பூட்டை மாற்றி உங்களை வெளியேற்ற முடியாது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 12 மாதம் வரையிலான பாக்கிக்கு நீதிமன்ற ஆணை பெற்று, உங்கள் வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்து விற்கலாம். ஆகவே அவரை நீங்களே முதலில் போய்ப் பாருங்கள். மாத வாடகையோடு 150 வெள்ளி சேர்த்துக் கொடுத்தால் பத்து மாதத்தில் அந்த 1,500 தீர்ந்துவிடும்.

அந்த 150 எங்கிருந்து வரும்? கணவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். (கணவர் என்று சொல்கிறேனே தவிர, தவணைக்குப் புடவை எடுத்துச் சிக்கிக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு.) சம்பள நாள் இரவில், அவர் குடித்துவிட்டு வந்திருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். மறுநாள் காலை, தேநீர் கொடுத்துவிட்டுக் கணக்கை முன்னால் வையுங்கள். ஊதாரி என்று சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார். 1,500 என்ற எண்ணைக் காட்டினால் உட்கார்ந்திருப்பார். வெளியே வேறு கடன் உண்டா என்று கேளுங்கள். மறைத்து வைத்த கடன்தான் குடும்பத்தைக் கவிழ்ப்பது. கை ஓங்குகிற மனிதர் என்றால் இந்தப் பேச்சு வேண்டாம். 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழையுங்கள்.

வங்கிக் கடன் என்றால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. நிலையம் இலவசமாகவே ஆலோசனை கூறித் தவணையை மாற்றி அமைக்க உதவும். ஆலோங்கிடம் வாங்கி வாடகை கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். 2024 முதல் சேமநிதிச் சந்தாவில் நூற்றுக்குப் பத்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கில் சேர்கிறது. அதைப் பாக்கிக்கு ஒருமுறை எடுக்கலாம். கைப்பேசியிலேயே எடுக்க முடிவதுதான் அதில் உள்ள அபாயமும்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அதுவும் பத்து மாதக் கணக்குத்தான்! செலவு போக மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பத்து வெள்ளி வந்திருக்குமா? வாடகையையும் அப்படித்தான், சம்பளம் வங்கியில் விழுந்த அன்றே, கடைத்தெருவுக்குப் போகுமுன் அனுப்பிவிட வேண்டும்.

கொடுக்கும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கேளுங்கள். ரசீதுப் புத்தகம் இல்லாத வீட்டுக்காரர் என்றால், பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தில் தேதியும் தொகையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.