கலத்துக்குள் ஒரு காவல்



உயர்தர வகுப்பில் நிர்ப்பீடனம் படித்தபோது, வெண்குருதிக்கலங்களையும் பிறபொருளெதிரிகளையும் பற்றியே நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். அவை திரண்டு வருமுன்னரே தொற்றுக்குள்ளான கலம் தனித்து நின்று போராடுகிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

எச்.ஐ.வி. வைரசு கலத்துள் புகுந்து தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பிரதி செய்கிறது. அபோபெக்3ஜி என்னும் நமது புரதம் அந்தப் பிரதியில் பிழைகளைப் புகுத்திக் கெடுக்கிறது. தெதரின் என்னும் புரதம், வெளியேற முயலும் புதிய வைரசுகளைக் கலமென்சவ்விலேயே பிடித்து வைக்கிறது.

அப்படியானால் நோய் ஏன் வருகிறது? வைரசும் சளைத்ததல்ல. அதன் விஃப் புரதம், அபோபெக்3ஜியை நமது கலத்தைக் கொண்டே அழிப்பிக்கிறது. விபியு புரதம் தெதரினை அகற்றுகிறது. ரீசஸ் குரங்கின் ட்ரிம்5 ஆல்பா புரதம் எச்.ஐ.வி.யைத் தடுத்துவிடும் என்று 2004இல் கண்டறிந்தார்கள். மனிதரிடமுள்ள அதே புரதத்துக்கு அந்த வலுவில்லை.

இதில் ஒருவருடைய ஒழுக்கத்தைத் தீர்ப்பிட எங்கே இடமிருக்கிறது?

உடல் தோற்குமிடத்தில் மருந்து கைகொடுக்கிறது. ஒழுங்காக மருந்தெடுத்து, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைப் பேணுபவரிடமிருந்து பாலுறவு வழியாக நோய் தொற்றுவதில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. கர்ப்பிணித் தாய்மாரைத் தவறாது பரிசோதித்ததால் கிடைத்த பேறு அது.

வெட்கத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களுக்கே இன்று ஆபத்து அதிகம். எந்த நாட்டில் வாழ்ந்தாலும், நம் வீடுகளிலாவது இதைக் கூச்சமின்றிப் பேசுவோம்.