பழைய கேம்கார்டர் வீடியோவை எடிட்டிங்கிற்குத் தயார் செய்வது எப்படி?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம் இடைசெவல். கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதி போட்டவர் கி.ரா. அந்தப் பேச்சிலேயே எங்கள் பாட்டி கதை சொன்னதை ஒரு காலத்தில் கேம்கார்டரில் எடுத்திருந்தேன். பாட்டி இப்போது இல்லை. சென்ற ஆண்டு எடிட்டிங் மென்பொருளில் போட்டால் படம் வந்தது, சத்தம் வரவில்லை. வாய் அசைகிறது, குரல் இல்லை. பகீரென்றது.

பதிவு கெடவில்லை. சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் கோப்புகள் எம்டிஎஸ் என்று முடியும். படம் எச்.264, சத்தம் பெரும்பாலும் ஏசி-3. சில மென்பொருள்கள் இந்த ஏசி-3-ஐ ஏற்பதில்லை. அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் இதைச் செய்யுங்கள்:

1. முதலில் மெமரி கார்டு முழுவதையும் அப்படியே காப்பி எடுங்கள். நீண்ட பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் தனியே எடுத்தால் இணைப்பில் ஒரு சொல் விழுந்துபோகலாம்.

2. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை மாற்றாமல் காப்பி செய்து, சத்தத்தை மட்டும் பிசிஎம் ஆக்கி, எம்ஓவி கோப்பாகச் சேமியுங்கள். படத்தின் தரம் துளியும் குறையாது. ஹேண்ட்பிரேக் படத்தை மறுபடி சுருக்கும். அது வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும் போதும்.

3. கை அசையும்போது சீப்புப் பல் போல் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் பதிவு. எடிட்டிங் முடித்து வெளியிடும்போது டீ-இன்டர்லேஸ் செய்தால் போதும்.

4. மினிடிவி டேப் என்றால் ஃபயர்வயர் கேபிள் வழியே ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரமும், சுமார் 13 ஜிபி இடமும் ஆகும். ஓட்டுகிற கேமரா உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

மாற்றிய பிறகும் மூலக் கோப்புகளை அழிக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.

எங்கள் பாட்டியின் குரல் திரும்பக் கிடைத்துவிட்டது. உங்கள் அலமாரியில் இருப்பதை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே செய்வோம்.