மருத்துவம் கற்ற முதல் மாதர்

(பங்கின் பொன்விழாக் கூட்டத்தில் மாதர் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

தாம்பரத்திலோ, குரோம்பேட்டையிலோ, பல்லாவரத்திலோ ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். இருக்கிறார் என்றதும் பாதிப் பயம் தீர்ந்துவிடுகிறது. 150 ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டிமாரின் பாட்டிமாருக்கு அந்த ஆறுதல் கிடையாது. ஆண் டாக்டர் முன் வரக் கூடாது என்ற வழக்கத்தால், திரைக்குப் பின்னாலேயே உயிர்விட்ட தாய்மார் பலர்.

அந்த அவலம் கண்டு மனம் பதைத்தவர் மேரி ஷார்லீப் அம்மையார். சென்னையில் வக்கீலாக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தாய். முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மகப்பேறு பார்க்கப் பழகினார். அது போதாதென்று உணர்ந்தார். 1875-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்திலேயே பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் பெண்களைச் சேர்க்காத காலம் அது!

இடம் கிடைத்ததே தவிர, வரவேற்புக் கிடைக்கவில்லை. "வார்டுகளைச் சுற்றி நடப்பதைத் தடுக்க மாட்டேன், ஆனால் பாடம் சொல்லித் தர மாட்டேன்" என்ற பொருள்படப் பேசினார் பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒருவர். ஷார்லீப் அம்மையார் தளரவில்லை. 1878-இல் தேறினார். பின்பு லண்டன் சென்று பட்டமும் பெற்றுத் திரும்பினார். 1885-இல் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி தோன்றக் காரணமானார். திருவல்லிக்கேணியில் நம் பெரியவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்வது அதுவே.

அதே கல்லூரியில் 1907-இல் சேர்ந்தவர் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. அதற்கு முன் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு ஒரு பெண் படிப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1912-இல் முத்துலட்சுமி டாக்டரானார். சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை நெஞ்சில் சுமந்து, 1954-இல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி உருவாகப் பாடுபட்டார். மறு ஆண்டே அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் கண்மூடும் வரை அந்தப் பணிக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார்.

நம் திருச்சபையிலும் ஒரு தடை இருந்தது. கன்னியர் மருத்துவத் தொழில் செய்வதற்கு, குறிப்பாகப் பிரசவம் பார்ப்பதற்கு, சபைச் சட்டம் இடம் தரவில்லை. ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி, 1920-இல் பாப்பரசரின் சிறப்பு அனுமதி பெற்று, குண்டூரில் கன்னியராகவும் டாக்டராகவும் பணி செய்தார். 1936-இல்தான் ரோமாபுரி அந்தத் தடையை எல்லாக் கன்னியருக்கும் தளர்த்தியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம் இன்று ரயில் நிலையத்தின் பெயராகவும் நிற்கிறது. 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டறிந்தவர்கள், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். இரத்தப் பரிசோதனை நடந்தது வேலூரில். 1918-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி வளர்ந்து நின்ற இடத்தில்! பின்னாளில் அந்த நோயாளிகள் எங்கெங்கோ ஒதுக்கப்பட்டபோது, அவர்களை ஏற்றுக்கொண்ட இடங்களில் முதன்மையானது நம் தாம்பரம் ஆஸ்பத்திரி.

அன்பர்களே, இந்த மாதர் எல்லோரும் திறமைசாலிகள். ஆயினும் திறமை மட்டும் போதவில்லை. ஒரு கல்லூரி இடம் கொடுத்தது. ஒரு மன்னர் பணம் கொடுத்தார். ஒரு பாப்பரசர் அனுமதி கொடுத்தார். அப்படி யாரும் கைகொடுக்காததால் அடுப்படியோடு நின்றுபோன பெண்கள் எத்தனை பேரோ!

நம் பங்கிலும் பிளஸ் டூ முடித்துவிட்டு, பணமில்லாமல் வீட்டில் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. "நகைக்கே பணமில்லை, படிப்பு எதற்கு?" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. ஆகவே இந்தப் பொன்விழாவில் மாதர் சங்கம் கேட்பது ஒன்றே. அலங்கார வளைவுக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்து வைப்போம். ஆண்டுதோறும் ஒரு பெண்ணையாவது டாக்டருக்கோ நர்சுக்கோ படிக்க வைப்போம். முதல் காணிக்கையாக எங்கள் சங்கத்தின் சேமிப்பை இந்த மேடையிலேயே பங்குத்தந்தை அவர்களிடம் ஒப்படைக்கிறோம்.

வாணம் ஒரு நிமிடத்தில் அணைந்துவிடும். படித்த பெண்ணோ, நம் பேரப்பிள்ளைகள் பிறக்கும் வேளையில் அருகில் நிற்பாள்.