புழக்கடைச் செல்வம்

தாம்பரத்தை அடுத்த படப்பையில் நெல் விளைந்த நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவிட்ட போதிலும், புழக்கடையில் நான்கடி மண் மிஞ்சியிருப்பவர் எவரும் அன்றாட ஆகாரத்தில் ஒரு பங்கைத் தாமே தேடிக்கொள்ளலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அரிசி களைந்த நீர் பாயுமிடத்தில் ஒரு வாழை. வேலியோரம், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 முருங்கை. சித்திரை வெயிலோ வடகத்துக்கென்றே வாய்த்த சம்பத்து. பச்சரிசி மாவைக் கரைத்து, உப்பும் சீரகமும் பச்சைமிளகாய் விழுதும் சேர்த்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம்வரை கூழாகக் காய்ச்சி, ஈரத்துணியில் வார்த்து, காய்ந்தபின் துணியின் பின்புறம் நீர் தெளித்து உரித்தெடுத்து, சடக்கென்று முறியும்வரை மீண்டும் உலர்த்தினால், ஐப்பசி அடைமழையிலும் அது கெடுவதில்லை.

இத்தகைய கைவேலையின் மதிப்பைக் கணக்கிட்டுக் காட்டியவரும் உண்டு. 1934-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய தஞ்சாவூர் ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்கியல் பயின்றவர். அவர் கைக்குத்தல் அரிசிக்காக ஓயாது வாதாடியது, ஆலையில் தவிட்டோடு சத்தும், குத்துவோரின் ஜீவனமும் சேர்ந்தே கழிந்துபோவதைக் கணக்கிட்டுப் பார்த்துத்தான்.

நம் பங்குக்கு, ஆடிப்பட்டத்துக்கு அவரை, பீர்க்கை விதைகளை இப்போதே சேகரித்து, சாம்பல் கலந்து, ஈரம்படாத கலயத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.